நுரையீரலைப் பெருக்குவது யார்?

நவம்பர் மூன்றாவது வாரம். தில்லி மயூர் விகாரில் எங்கள் வீட்டுக்கு மேல்தளத்தில் இருக்கும் மாமி, பால்கனித் துளசிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துணி. நாலு இலை துடைப்பதற்குள் துணியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. மண் தூசி என்றால் நறநறவென்று இருக்கும். இது கண்மை மாதிரி வழவழவென்று இழுபட்டது.

"இதைத்தான் கஷாயத்துல போடறேன், எதிர்ப்பு சக்திக்கு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தீபாவளிக்கு முன்னால் பிடித்த இருமல் அது.

"நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். ஜலதோஷம்னா மூணு நாள், நாலு நாள். இப்போ மூணு வாரம் ஆறது. எனக்கு எதிர்ப்பு சக்தி கொறஞ்சுடுத்தா, இல்ல தூசி ஒத்துக்கலையா? ரெண்டுல எது, சொல்லு."

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும். ரெண்டும்தான் மாமி, அதுவும் ஒரே நேரத்தில் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. காவல் தளர்வதும் காவல் எகிறுவதும் ஒரே நுரையீரலில் எப்படி நடக்கும்? நியாயமான சந்தேகம். அதற்குத்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். அதாவது பத்து கன மீட்டர். பிஎம் 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் உள்ள துகள்கள். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் இருக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் துகள் 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் நம் நாட்டுக் குறியீட்டின்படி காற்று 'கடுமை' வகைக்குப் போய்விடும். (24 மணி நேரச் சராசரிக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15.) அப்படி ஒரு நாளில் நாம் இழுக்கும் மொத்தத் துகள் பத்து முறை 250, அதாவது இரண்டரை மில்லிகிராம். ஒரு அரிசி சுமார் இருபது மில்லிகிராம் எடை. ஆகவே எட்டு நாள் மோசமான தில்லிக் காற்று, எடையில் ஒரே ஒரு அரிசி!

இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் முதல் தடவை கணக்குப் போட்டபோது அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த இரண்டரை மில்லிகிராம் ஒரே உருண்டையாக உள்ளே போவதில்லை. எல்லாத் துகளும் அரை மைக்ரான் பந்து என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கோடிக்கு மேல் வரும். இதில் ஒரு பங்கு வெளிமூச்சோடு திரும்பி வந்துவிடும், மீதி தங்கும். நுரையீரலுக்கு எடை பிரச்சினையே இல்லை. எண்ணிக்கைதான் பிரச்சினை. ஒவ்வொரு துகளையும் யாராவது ஒருவர் கையால் எடுத்து அப்புறப்படுத்தியாக வேண்டும்.

பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடும். மாலையில் கைக்குட்டையில் கறுப்பாக வருவது அதுதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மாட்டிக்கொண்ட தூசி. மூக்கைத் தாண்டியது மூச்சுக்குழாய்க்குள் வருகிறது. குழாயின் உட்சுவர் முழுக்கக் கோழை பூசியிருக்கும். சளி என்றால் நமக்கு முகம் சுளிக்கிறது, ஆனால் இந்தக் கோழை நோயில்லாதவருக்கும் தினமும் ஊறுகிற ஒன்று. ஈ ஒட்டும் காகிதம் மாதிரி தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு அடியில் குறு இழைகள். ஒரு செல்லுக்குச் சுமார் இருநூறு இழை, நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, எல்லாம் ஒரே திசையில் அடிக்கும். காற்றில் நெற்பயிர் சாய்வது போல என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். தில்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு அது பிடிபடவில்லை என்றால் ராஜீவ் சௌக் மெட்ரோவின் எஸ்கலேட்டர். மருத்துவர்களே இதற்கு எஸ்கலேட்டர் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் கோழை மேலே ஏறித் தொண்டைக்கு வரும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுவோம். வயிற்று அமிலம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

காலை ஒன்பது மணிக்கு ராஜீவ் சௌக்கில் அந்த எஸ்கலேட்டர் பாதியில் நின்றால் என்ன ஆகும்? மாசுக் காற்று செய்வது அதைத்தான். புகையிலுள்ள பொருள்கள் இழைகளின் வேகத்தைக் குறைக்கின்றன. நாள்கணக்கில் தொடர்ந்தால் சில செல்கள் இழையையே இழக்கின்றன. அதே சமயம் எரிச்சலடைந்த சுவர், பாதுகாப்புக்காக இன்னும் அதிகக் கோழையைச் சுரக்கிறது. அந்தக் கோழையும் கெட்டியாக இருக்கிறது. சரக்கு கூடுகிறது, படி நகரவில்லை. அப்புறம் ஒரே வழி இருமல். எஸ்கலேட்டர் நின்ற பிறகு ஆட்கள் சுமந்து ஏறுவதுதான் இருமல். மாமியின் மூன்று வார இருமலில் பெரும்பங்கு இது என்பது என் ஊகம். ஊகம்தான், பரிசோதித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை.

துகளோடு வாயுக்களும் வருகின்றன. சல்பர் டை ஆக்சைடு நீரில் எளிதில் கரையும், அதனால் மூக்கிலும் மேல் குழாயிலுமே கரைந்து எரிச்சலைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஓசோன் அவ்வளவாகக் கரையாது, ஆழத்துக்குப் போய்விடும். தில்லியில் ஓசோன் முக்கியமாகக் கோடைக்காரன், வெயிலில்தான் உருவாகிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் வானம் நீலமாக இருக்கும்போதும் ஆஸ்துமாக்காரர்களுக்கு நெஞ்சு இறுகலாம்.

இனி நுண்ணிய துகள்களுக்கு வருவோம். இவை எஸ்கலேட்டரில் ஏறுவதே இல்லை. நேராகக் கடைசி நிலையமான காற்று நுண்ணறைகளுக்குப் போகின்றன. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து முப்பது கோடிக்கு மேல் நுண்ணறைகள். விரித்துப் போட்டால் ஏறக்குறைய எழுபது சதுர மீட்டர், இங்கே இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றின் தரை. சுவரோ மைக்ரான் கணக்கில் மெல்லியது. ஆக்சிஜன் அதன் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும் என்பதால் இங்கே கோழை பூச முடியாது, இழையும் கிடையாது. பெருக்குவதற்கு என்று இருப்பது ஒரே ஓர் ஆள்: மேக்ரோஃபேஜ். தமிழில் பெருவிழுங்கி, ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்.

இந்த விழுங்கும் வேலையை முதலில் கண்டு சொன்னவர் ரஷ்ய உயிரியலாளர் மெச்னிகாஃப். 1882-இல் சிசிலித் தீவில் மெசினா நகரில், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. 1908-இல் பால் எர்லிக்கோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது அந்த வழியில்தான்.

நுண்ணறையில் இருக்கும் பெருவிழுங்கிக்கு இரண்டு பொறுப்பு. கண்ணில் படுவதை விழுங்கிச் செரிப்பது ஒன்று. இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது: சத்தம் போடாமல் இருப்பது. ஒவ்வொரு தூசிக்கும் அலாரம் அடித்தால் நுண்ணறை நீர் கோத்து வீங்கிவிடும், மூச்சே விட முடியாது. ஆகவே சின்ன விஷயத்தை வெளியே சொல்லாமல் தானே முடித்துவிடும். நல்ல அடுக்ககச் செயலாளர் மாதிரி (எங்கள் கட்டிடத்தில் அப்படி ஒருவர் இல்லை, அது வேறு கதை).

பாக்டீரியாவை விழுங்கினால் செரித்துவிடும். கரித்துகளை விழுங்கினால்? கரியைச் செரிக்கும் நொதி நம் உடம்பில் இல்லை. ஆகவே அது வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று. நுண்ணோக்கியில் பார்த்தால் நகரவாசியின் பெருவிழுங்கி கறுப்புப் புள்ளிகளாக நிரம்பியிருக்கும். கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்திலேயே வயிறு நிறைந்தவரிடம் பாயசம் நீட்டுவது போல, கரி நிறைந்த செல்லிடம் ஒரு நிமோனியா பாக்டீரியாவை நீட்டினால் அது மந்தமாகத்தான் நகரும். இது வெறும் உவமை இல்லை. 2022 நவம்பரில் 'நேச்சர் மெடிசின்' இதழில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. 11 வயதிலிருந்து 93 வயது வரை, உறுப்புதானம் செய்த 84 பேரின் நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்கள். வயது ஏற ஏற நுரையீரலை ஒட்டிய கணுக்கள் கறுத்துக்கொண்டே போயிருந்தன. அதே ஆட்களின் குடலை ஒட்டிய கணுக்களில் அந்தக் கறுப்பு இல்லை. கரி தின்ற பெருவிழுங்கிகள், தின்னாதவற்றைவிட விழுங்குவதிலும் சமிக்ஞை அனுப்புவதிலும் பின்தங்கி இருந்தன. நிணநீர்க் கணு என்பது நோய் எதிர்ப்புச் செல்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடம். அங்கேயே குப்பை சேர்கிறது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. வயதானால் நெஞ்சுச் சளி விடாமல் பிடிப்பதற்கு வயது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

கிருமிக்கு இன்னொரு வசதியும் கிடைக்கிறது. துகள் பட்டு எரிச்சலடைந்த குழாய்ச் சுவர், தன் மேல்பரப்பில் சில ஏற்பிகளைக் கூடுதலாக முளைக்க வைக்கிறது. நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா பற்றிக்கொள்ளும் கொக்கியும் அதில் ஒன்று. துகளோடு வரும் இரும்பு பல பாக்டீரியாக்களுக்கு வேண்டிய சத்து. பூட்டும் தளர்ந்து, உள்ளே சோறும் வடித்து வைத்த மாதிரி.

இது தளர்ந்த பக்கம். இப்போது எகிறும் பக்கம்.

துகள் என்பது சுத்தக் கரி இல்லை. டீசல் புகை, குப்பைத் தீ, நிலக்கரி, பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரியும் நெல் தாள் என்று எது எரிந்ததோ அதன் இரும்பு, செம்பு, பாதி எரிந்த எண்ணெய்ப் பொருள் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். இந்த உலோகங்கள் செல்லுக்குள் ஆக்சிஜனை வெறிபிடித்த வடிவங்களாக மாற்றுகின்றன. இரும்பு துருப்பிடிப்பதற்கு உறவான வேதியியல்தான், நடப்பது உயிருள்ள சுவரில். அதைத் தணிக்க நுரையீரலின் ஈரப்பூச்சில் குளூட்டாதயோன் போன்ற தணிப்பான்கள் இருக்கின்றன. அவை தீர்ந்துபோனால் செல்கள் அலாரம் அடிக்கின்றன. இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த பெருவிழுங்கியும் சேர்ந்து கத்துகிறது. ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. இவை அடியாட்கள். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளைக் கண்டபடி வீசுவார்கள். கிருமி இல்லாத இடத்தில் வீசினால் சேதம் நம் சுவருக்குத்தான். வருடக்கணக்கில் இது நடந்தால் நுண்ணறைச் சுவர்கள் இடிந்து, பல சின்ன அறைகள் சேர்ந்து ஒரு பெரிய, உபயோகமில்லாத அறையாகிவிடும். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று டாக்டர் சீட்டில் எழுதும் நோயின் ஒரு முகம் இது. பீடி, சிகரெட் தொடாத, விறகடுப்பில் ஊதுகுழலோடு காலம் கழித்த எத்தனையோ பெண்களுக்கு நம் நாட்டில் இந்த நோய் உண்டு.

ஒவ்வாமையும் இந்தப் பக்கத்துச் சங்கதியே. தில்லி மலைமுகட்டுக் காட்டில் நிறைந்து கிடப்பது நம் சீமைக்கருவேலம். ஊர்க் கண்மாயை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் அதை விட்டபாடில்லை! அதன் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை தரும். மகரந்தத்தை மட்டும் மூக்கில் விட்டதைவிட, டீசல் துகளோடு சேர்த்து விட்டபோது ஒவ்வாமைக்கான ஐஜிஇ எதிர்ப்பொருள் பல மடங்கு கூடியதை அமெரிக்காவில் தன்னார்வலர்களிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது வேறொரு செடியின் மகரந்தம், முறை அதுவே. சும்மா போகிறவனைச் சந்தேகக் கேஸில் பிடித்து வைக்கும்படி டீசல் துகள் உடம்புக்கு ஓதுகிறது. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்குப் புகை நாள்களில் மூச்சு இழுப்பது இதனால்தான்.

ஆக, மாமி கேட்ட 'ரெண்டுல எது' என்பதற்குப் பதில் இப்போது பிடிபட்டிருக்கும். எதிர்ப்புச் சக்தி என்பது கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒரு குழாய்த் திருகு இருக்கிற விஷயம் இல்லை. விழுங்கும் வேலை குறைந்திருக்கிறது, அடிதடி வேலை கூடியிருக்கிறது. இந்த நிலையில் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று ஒரு பாட்டிலை வாங்கிக் குடித்தால் அது எதைக் கூட்ட வேண்டும்? அடியாட்களையா?

கஷாயத்தை நான் குறை சொல்லவில்லை. சுக்கும் மிளகும் போட்ட சூடான தண்ணீர் தொண்டைக்கு இதம், கோழையும் இளகும், நானும் குடிக்கிறேன். இங்கே கட்டிட வேலைக்காரர்கள் தூசிக்கு வெல்லம் கடிப்பார்கள், அதுவும் தொண்டைக்குச் சுகம். ஆனால் வாயில் போட்டது உணவுக்குழாயில் போகிறது, கரி இருப்பது மூச்சுக்குழாயில். வெல்லம் போய்த் தூசியை வழித்துக்கொண்டு வரும் என்பதற்குப் பாதை இல்லை.

புகைதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது, குளிர்காலத்தில் எல்லாருக்கும்தானே சளி பிடிக்கிறது என்று கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பதில் அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் தில்லியைப் போலவே அங்கும் மேலே வெப்பக் காற்று மூடியாக உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்த பெரிய எஃகு ஆலை தொழிலாளர் தகராறில் 1986 ஆகஸ்டிலிருந்து 1987 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்ற பேராசிரியர் மருத்துவமனைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா என்று சேர்க்கப்பட்ட குழந்தைகள், மூடிய குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. குளிர் அதே குளிர்தான். கதை அதோடு முடியவில்லை. அந்த ஆண்டுகளில் காற்றை வடிகட்டிய தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பின்னாளில் அந்தத் தாள்களிலிருந்து எடுத்த சாற்றைத் தன்னார்வலர்களின் நுரையீரலில் சிறிதளவு விட்டுப் பார்த்தபோது, ஆலை ஓடிய காலத்துத் தூசி அழற்சியைக் கிளப்பியது. மூடிய காலத்துத் தூசி அவ்வளவாகக் கிளப்பவில்லை. 2001-இல் வெளியான ஆய்வு இது. ஒரே எடைத் தூசியாக இருந்தாலும் அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் குணம் மாறும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை அபூர்வம்.

தில்லியைப் பற்றியே ஒரு கணக்கும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகக் கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தில்லியின் 36 பள்ளிகளில் 11,628 பிள்ளைகளைச் சோதித்து அறிக்கை கொடுத்தது. நுரையீரல் செயல்திறன் குறைந்திருந்தவர்கள் தில்லியில் 43.5 சதவீதம். ஒப்பிட எடுத்த கிராமப்புறப் பிள்ளைகளில் 25.7 சதவீதம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் காற்றைச் சரிசெய்வது தனி மனிதர் கையில் இல்லை. குளிர்காலத்தில் பின்னிரவும் விடியற்காலையும்தான் பெரும்பாலும் புகை தரையில் படிந்து கிடக்கும் நேரம். மார்கழியில் ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி போகும் மாமாக்கள் அதை மதியத்துக்குத் தள்ளலாம். ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திர் முருகன் கோவிலுக்கு விடியலில் போயே தீர்வேன் என்பவர்கள் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். துணி முகக்கவசம் இந்த அளவுத் துகளுக்குச் சல்லடையில் தண்ணீர். ஜன்னலை இறுக மூடிவிட்டு உள்ளே சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் ஏற்றுவது, வெளியே இருந்ததை வீட்டிலேயே தயாரிப்பது. காற்றுச் சுத்திகரிப்பான் துகளைப் பிடிக்கும், வாயுக்களைப் பெரும்பாலும் பிடிக்காது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் 'பழகிவிடும்' என்று பயந்து நிறுத்தக் கூடாது. அழற்சியைத் தணிக்கும் மருந்து நேரே குழாய்க்குப் போகிற வழி அது, கஷாயத்துக்குக் கிடைக்காத பாதை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் முதியவர்களுக்கு, ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்பேன். குறிப்பிட்ட கிருமிக்கு எதிராகக் காவலைப் பழக்குகிற உண்மையான வழி அது. சளியில் ரத்தம், காய்ச்சல், படுத்தால் மூச்சு முட்டுவது என்றால் இந்த மாதிரிக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாமி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஊருக்குப் போனா சரியாயிடுமா?" பாதி சரியாகும். குறு இழைகள் நல்ல காற்று கிடைத்தால் வாரக்கணக்கில் தேறிவிடும். கரி தின்ற செல்களில் சில எஸ்கலேட்டர் அடிவாரம் வரை நகர்ந்து வந்து கோழையோடு மேலே ஏறிவிடும். கணுக்களில் சேர்ந்த கறுப்பு அங்கேயே இருக்கும். இடிந்த நுண்ணறைச் சுவர் திரும்பக் கட்டப்படாது.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் மன்னார்குடிக்குக் கிளம்பினார். துளசியைத் துடைக்கும் பொறுப்பு என்னிடம். போன வாரம் போனில் பேசும்போது குரல் தெளிவாக இருந்தது.

"இருமல் கொறைஞ்சிருக்கு. ஆனா சளி நன்னா வரது, கொஞ்சம் கறுப்பா. பயமா இருக்குடா."

"ரத்தம் இல்லையே? காய்ச்சல்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை."

"அப்போ வரட்டும் மாமி. படி நகர ஆரம்பிச்சிருக்கு. எதுக்கும் அங்க ஒரு டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டிட்டு வாங்கோ."